பனாமா கால்வாய்: எந்தச் சீட்டு காசுக்குப் பெறும்?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர்களில், போன கையோடு பனாமாவையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. மயாமியிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம், ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம். வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். ஒன்று, "வாழ்நாள்ல ஒருதரம் பாக்கணும்." மற்றது, "ஒரு கப்பல் போச்சு, கதவு திறந்துச்சு, வெயில் தாங்கலை, வந்துட்டோம்." இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே கால்வாயைத்தான். வாங்கிய சீட்டும் போன நேரமும்தான் வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு சீட்டுதான் வாங்க முடியும் என்றால், பாதிக் கால்வாயைக் கடக்கும் படகுச் சீட்டை வாங்குங்கள். படகு கிடைக்காவிட்டால், அல்லது அரை நாள்தான் கையில் இருந்தால், மிராஃப்ளோரஸ் பார்வையாளர் மையம். ஆனால் நேரம் தப்பக்கூடாது. இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் அட்லான்டிக் பக்கம் அக்வா கிளாரா பார்வையாளர் மையம். உல்லாசக் கப்பலில் முழுக் கால்வாயையும் கடப்பது அருமையான அனுபவம்தான். ஆனால் அதற்காகவே இரண்டு வாரம் கப்பலில் இருக்க மனம் வேண்டும்.

ஏன் இந்த வரிசை என்பது, கால்வாய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். இரண்டு கடலையும் இணைத்து நேராக வெட்டிய வாய்க்கால் என்றுதான் பலர் நினைத்துப் போகிறார்கள். சூயஸ் அப்படி. பனாமா ஒரு கண்மாய். சிவகங்கைச் சீமைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சாக்ரஸ் என்ற ஆற்றின் குறுக்கே, காத்தூன் என்ற இடத்தில், 2.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்கரை போட்டார்கள். கரையின் அடிவாரத்து அகலம் மட்டும் ஏறக்குறைய 800 மீட்டர். ஆற்று நீர் தேங்கி, கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில், சுமார் 425 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு கண்மாய் நிறைந்தது. மிகுந்த நீர் போக 14 ஷட்டர் வைத்த கலுங்கு. கப்பல் என்ன செய்கிறது? ஒரு கடலிலிருந்து படிப்படியாக இந்தக் கண்மாய்க்குள் ஏறுகிறது, உள்வாய் வழியே குறுக்கே போகிறது, மறுபக்கம் படிப்படியாக இறங்கி அடுத்த கடலில் விழுகிறது. அந்தப் படிகள்தான் லாக் என்று சொல்லப்படும் தொட்டிகள். நம் ஊரில் மடை திறந்தால் வயலுக்குப் பாயும். இங்கே மடை திறந்தால் கப்பல் ஏறும், இறங்கும்.

பம்பு ஒன்றுகூடக் கிடையாது. தொட்டிச் சுவருக்குள் 5.5 மீட்டர் விட்டத்தில் சுரங்க மடைகள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து குறுக்கு மடைகள் பிரிந்து, தொட்டித் தரையில் இருக்கும் 100 துளைகள் வழியாகத் தண்ணீரை மேலே விடுகின்றன. மேல்தொட்டி நீர் தன் பாரத்திலேயே கீழே வந்து, 304 மீட்டர் நீளமும் 33.5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியை எட்டு நிமிட அளவில் நிரப்பிவிடும். பக்கவாட்டில் விடாமல் தரையிலிருந்து விடுவதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு பக்கத்திலிருந்து பாய்ந்தால் கப்பல் எதிர்ச்சுவரில் போய் மோதும். 1914 ஆகஸ்ட் 15 அன்று 'அன்கோன்' என்ற கப்பல் அதிகாரபூர்வமாக முதலில் கடந்தபோது இருந்த இந்த ஏற்பாடு, பழைய லாக்குகளில் இன்றும் அப்படியே நடக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் தோற்றது இதைக் கண்மாய் என்று ஒத்துக்கொள்ளாததால்தான். சூயஸை வெட்டிய லெசப்ஸ், இங்கும் கடல் மட்ட வாய்க்கால்தான் என்று பிடிவாதமாக 1881-இல் வேலையைத் தொடங்கினார். சாக்ரஸை அணை கட்டித் தேக்கிக் கப்பலை மேலே ஏற்றலாம் என்று 1879 பாரிஸ் மாநாட்டிலேயே கோதன் தெ லெப்பினே என்ற பொறியாளர் சொன்னார், எடுபடவில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகி வெட்டியதை அடித்துக்கொண்டு போனது, மலைச்சரிவு நிரப்பியது, மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆளைக் கொன்றன. 1889-இல் கம்பெனி திவால். அதற்குள் இறந்தவர்கள் சுமார் 22,000 பேர். பிறகு அமெரிக்கர்கள் 1904-இல் எடுத்து, கொசுவை முதலில் ஒழித்து, கண்மாயைக் கட்டி முடித்தார்கள். அவர்கள் காலத்திலும் 5,600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்காவிலிருந்து வந்த கூலிகள்.

இனி சீட்டுகளுக்கு வருவோம்.

மிராஃப்ளோரஸ் பனாமா நகரத்திலிருந்து ஊபரில் அரை மணி நேரத்துக்குள். ஆல்புரூக் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 17 டாலரை ஒட்டி. போகும் முன் கால்வாய் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டில் ஐமேக்ஸ் படமும் சேர்ந்து வரும். படம் சுமார்தான், ஆனால் குளிர்சாதனம் நன்றாக இருக்கும். நடுப்பகலில் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

இங்கே எல்லாமே நேரக்கணக்கு. காலையில் பசிபிக்கிலிருந்து கப்பல்கள் ஏறி வரும். பிற்பகலில் அட்லான்டிக்கிலிருந்து வந்தவை இறங்கிப் போகும். இடையில், ஏறக்குறைய பதினொன்றிலிருந்து இரண்டு வரை, தொட்டிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். சுற்றுலா வேன்கள் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவதும், சரியாகச் சொல்லிவைத்தாற்போல, அந்த நேரத்தில்தான். "ஒரு கப்பல் போச்சு" என்கிற ஆட்கள் எல்லாம் இந்த இடைவெளியில் போனவர்கள். காலை ஒன்பதுக்குள் மேல்தளத்தில் இருங்கள். இல்லாவிட்டால் மூன்று மணிக்குப் பிறகு போங்கள்.

சந்தேகம் இருந்தால் சீட்டு வாங்குமுன் பார்த்துவிடலாம். மிராஃப்ளோரஸ், காத்தூன், அக்வா கிளாரா ஆகிய இடங்களில் ஆணையம் நேரலைக் கேமரா வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். பனாமா நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது; அங்கே காலை ஒன்பது என்றால் காரைக்குடியில் இரவு ஏழரை. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பார்த்தாலே கப்பல் வரும் ஓட்டம் பிடிபட்டுவிடும்.

மேடையில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஒலிபெருக்கியில் கப்பல் பெயர், கொடி, நீளம் சொல்வார்கள், அவ்வளவுதான். கப்பல் பசிபிக் பக்கமிருந்து நெருங்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு சின்னத் துடுப்புப் படகை வலித்துக்கொண்டு போய்க் கப்பலின் கீழ் நிற்பார்கள். மேலிருந்து விழும் கயிற்றைப் பிடித்து மதிலுக்குக் கொண்டுவருவார்கள். பல்லாயிரம் டன் கப்பலுக்கு முதல் கயிறு இன்றும் கைத்துடுப்பில்தான் வருகிறது. எந்திரப் படகு வைத்துப் பார்த்தும் துடுப்பை விடவில்லை. கப்பலுக்கு அடியில் எஞ்சின் நின்றுபோனால் ஆள் தப்ப வழியில்லை, துடுப்பு அப்படி நிற்காது.

அந்தக் கயிற்றைத் தொடர்ந்து கம்பிவடம் வரும். மதில்மேல் தண்டவாளத்தில் நிற்கும் மிட்சுபிஷி இழுவை எஞ்சின்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். பெரிய கப்பல் என்றால் எட்டு எஞ்சின்கள். இவைதான் கப்பலை இழுத்துப் போகின்றன என்று பக்கத்தில் நிற்பவர் கட்டாயம் சொல்வார். நம்ப வேண்டாம். கப்பல் தன் சொந்த எஞ்சினில்தான் நகர்கிறது. இவற்றின் வேலை அதை நடுவில் நிறுத்துவதும், தேவைப்பட்டால் பின்னிழுத்துப் பிடிப்பதும். பழைய தொட்டிக்கு ஏற்ற உச்ச அளவுக் கப்பலின் அகலம் 32.3 மீட்டர், தொட்டி 33.5. ஒரு பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் மிச்சம், இரண்டு சாணுக்குச் சற்று மேல். கப்பலை வழிநடத்த ஏறி நிற்கும் கால்வாய் பைலட் ரேடியோவில் உத்தரவு கொடுக்க, எஞ்சின் மணியடித்து "சரி" என்று பதில் சொல்லும். அந்த மணிச்சத்தம் கேட்டால் கப்பல் நகரப்போகிறது என்று அர்த்தம். கேமராவை அப்போது எடுத்தால் போதும். இன்னொன்று: மற்றத் துறைமுகங்களில் பைலட் ஆலோசனை மட்டும் சொல்வார், பொறுப்பு மாலுமித்தலைவருடையது. இங்கே கால்வாய்க்குள் வந்துவிட்டால் கப்பலை நடத்தும் அதிகாரமே பைலட் கைக்குப் போய்விடும்.

கதவுகளையும் கவனியுங்கள். இரண்டு இலைகள் சேரும்போது நேர்கோட்டில் சேராமல், உயர நீர் உள்ள பக்கம் மூக்கை நீட்டி 'வி' வடிவில் சேரும். நீர் அழுத்த அழுத்த இறுகும். தடிமன் இரண்டு மீட்டருக்கு மேல், உள்ளே கூடு. அதனால் தண்ணீரில் மிதந்து கீல்மேல் பாரம் குறைகிறது. பழைய லாக்குகளில் மிக உயரமான கதவுகள் மிராஃப்ளோரஸின் கீழ்க்கதவுகள்தான், ஏறக்குறைய 25 மீட்டர். காரணம் பசிபிக்கின் ஓதம். தொண்டிக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பனாமாவின் பசிபிக் பக்கம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். கால்வாயின் மறுமுனையில் அட்லான்டிக் அரை மீட்டர்கூட அசையாது.

மிராஃப்ளோரஸின் பெரிய ஏமாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். செய்தியில் படம் போடுகிற ராட்சதக் கண்டெய்னர் கப்பல்கள் இங்கே வருவதில்லை. 2016 ஜூன் 26 முதல் அவை, அப்பால் புதிதாகப் பெரிய அளவில் கட்டிய கொக்கோலி லாக் வழியாகப் போகின்றன. மேல்தளத்திலிருந்து மேற்கே பார்த்தால் பெட்டி அடுக்குகளின் தலை மட்டும் மெதுவாக நகர்வது தெரியும். அதற்காக இந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

படகு வேறு கதை. பாதிக் கடப்பு என்றால், கால்வாயின் நடுவில் உள்ள கம்போவாவுக்கும் பசிபிக் முனைக்கும் இடையிலான பகுதி. குலேப்ரா மலைவெட்டு, பெத்ரோ மிகேல் லாக் ஒரு படி, மிராஃப்ளோரஸ் லாக் இரண்டு படி, அமெரிக்காக்களின் பாலம், எல்லாம் இதில் அடங்கிவிடும். கட்டணம் ஆளுக்கு 150 டாலருக்குக் குறையாது. மதியச் சாப்பாடும் நகருக்குள் பேருந்தும் பெரும்பாலும் அதிலேயே சேரும். ஓட்டுகிறவர்கள் இரண்டு மூன்று கம்பெனிகள்தான். பொதுவாகச் சனிக்கிழமை ஓடும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூடுதல் நாட்கள். முழுக் கடப்பு மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில்தான் வரும், நாள் முழுக்கப் போய்விடும். முழுதும் போக வேண்டுமா? எங்கள் கருத்தில் வேண்டாம். நடுவில் பல மணி நேரம் காத்தூன் ஏரிதான். பச்சைக் கரை, பழுப்புத் தண்ணீர், எதிரே ஒரு கப்பல். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வயதானவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார்கள்.

படகை எந்தத் திசையில் ஓட்டுவது என்பது கம்பெனி கையில் இல்லை, ஆணையம் சொல்வதுதான். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் கம்போவாவிலிருந்து பசிபிக்குக்கு இறங்கும் பயணத்தை எடுங்கள். சின்னப் படகுக்குத் தனியாகத் தொட்டி நிரப்ப மாட்டார்கள்; ஒரு பெரிய கப்பலோடு சேர்த்துத்தான் விடுவார்கள். இறங்கும்போது சின்னது முன்னால், பெரியது பின்னால். ஏறும்போது பெரியது முன்னால், அதன் சுழலி கிளப்பும் அலையில் நீங்கள் பின்னால். இறங்கும் பயணத்தில் தொட்டி அமைதியாக இருக்கும். பின்தளத்தில் நின்றால் ஒரு சரக்குக் கப்பலின் மூக்கு தலைக்குமேல் வந்து நிற்பதைக் கைக்கெட்டும் தூரம் போலப் பார்க்கலாம்.

ஆகவே பெத்ரோ மிகேலுக்குள் படகு நுழைந்ததும் முன்தளத்துக்கு ஓடுகிற கூட்டத்தோடு ஓடாதீர்கள். பின்னால் போங்கள். மேல்கதவு சாத்தும். தண்ணீர் இறங்குவது முதலில் தெரியாது. சுவரைப் பாருங்கள்: காய்ந்த சிமெண்டுக்குக் கீழே ஈரக் கோடு ஒன்று தோன்றும், பிறகு பாசி, பிறகு வழியும் பாசி. பத்து நிமிடத்துக்குள் ஒன்பது மீட்டர் இறங்கியிருப்பீர்கள், மேலே மதிலில் நின்றவர்கள் தலை மட்டும் தெரியும். கீழ்க்கதவு திறக்கப்போகிறது என்று அறிவித்ததும் முன்னால் வந்துவிடுங்கள். அடுத்து மிராஃப்ளோரஸின் சிற்றேரி, பிறகு இன்னும் இரண்டு படி. கடைசிக் கதவு திறக்கும் தருணம்தான் இந்தச் சீட்டின் விலை. நன்னீரும் உப்புநீரும் மோதி நுரைக்கும். கனமான உப்புநீர் அடியில் உள்ளே நுழைய, நன்னீர் மேலாக வெளியே ஓடும். மீன்கள் தடுமாறும். கூழைக்கடாக்கள் அதற்கென்றே மதில்மேல் வரிசையாகக் காத்திருக்கும்.

இந்தச் சேவையில் தவறுவது எது? நேரம். ஆணையத்துக்குக் காசு கொடுக்கும் பெரிய கப்பல்தான் முதல். சுற்றுலாப் படகு கடைசி. உங்களோடு தொட்டியில் இறங்க வேண்டிய கப்பல் தாமதமானால் நீங்களும் தாமதம். மூன்று மணி நேரம்கூடப் போகும். அன்று மாலையே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கே அமதோர் கடல்பாலச் சாலையில் உள்ள படகுத்துறைக்கு வரச்சொல்வார்கள்; அந்தச் சாலையே குலேப்ராவில் வெட்டி எடுத்த கல்லும் மண்ணும் கொட்டி, தீவுகளை இணைத்துப் போட்டது. படகின் நிழல் தளத்தில் இருக்கைகள் குறைவு. ஏறியவுடன் முதலில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டியது அங்கேதான். வெட்கப்பட வேண்டாம், அமெரிக்கர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சாப்பாடு கோழி, சோறு, சாலட். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். எழுதினாலும் சில நாள் சோறும் வாழைக்காய் வறுவலும்தான் வரும். மகிழம்பூ முறுக்கும் தேன்குழலும் பையில் இருப்பது நல்லது.

குலேப்ரா மலைவெட்டில் கரையோரப் படிகளைக் கவனியுங்கள். அவை அழகுக்கு வெட்டியவை அல்ல, சரிவைத் தடுக்க. கால்வாய் திறந்த மறு ஆண்டே, 1915 செப்டம்பரில், இங்கே மலை சரிந்து ஏழு மாதம் கப்பல் போக்குவரத்தே நின்றது. இன்றும் தூர்வாரும் கப்பல்கள் ஓய்வதில்லை.

அக்வா கிளாரா பார்வையாளர் மையம் கொலோன் அருகே, பனாமா நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். புதிய லாக்கை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. மேட்டில் இருப்பதால் ஒரு பக்கம் லாக், மறுபக்கம் காத்தூன் ஏரியில் முறைக்குக் காத்து நங்கூரமிட்ட கப்பல்கள். தொட்டி 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். இழுவை எஞ்சின் கிடையாது; முன்னும் பின்னும் இழுவைப் படகுகள் கப்பலை உள்ளே கொண்டுவருகின்றன. கதவு இரட்டை இலையாகத் திறக்காது, பக்கச் சுவருக்குள் ஒரே பலகையாய் உருண்டு போகும். பக்கத்தில் தொட்டிக்கு மூன்று வீதம் ஒன்பது குளங்கள். ஒரு கப்பல் இறங்கும்போது வரும் நீரில் 60 சதவீதத்தை அந்தக் குளங்களில் பிடித்துவைத்து அடுத்த கப்பலுக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

அந்தக் குளங்களைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள், கால்வாயின் இன்றைய தலைவலி முழுவதும் அதில் இருக்கிறது. பழைய லாக்கில் ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அதே கண்மாய் நீரைத்தான் கொலோனும் பனாமா நகரின் ஒரு பகுதியும் குடிக்கின்றன. 2023-இல் எல் நினோவால் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் வரை விட்ட இடத்தில், டிசம்பரில் 22 என்று குறைத்தார்கள்; கப்பலின் அமிழ்வையும், அதாவது அது நீருக்குள் மூழ்கி நிற்கும் ஆழத்தையும், 50 அடியிலிருந்து 44 அடியாக்கினார்கள். கண்மாய் பெருகாவிட்டால் முறைவைத்துத்தானே பாய்ச்ச வேண்டும். புதிய லாக்குகள் வந்தபின் உப்பு ஏரிக்குள் ஏறுவதும் கூடியிருக்கிறது, குடிநீருக்கு அது இன்னொரு கவலை.

அக்வா கிளாராவுக்கு வாடகை வண்டி பேசும்போது காத்திருப்பும் திரும்பும் பயணமும் சேர்த்துப் பேசுங்கள். அங்கே நின்று ஊபர் தேடினால் கிடைக்காது. கொலோன் ஊருக்குள் நடந்து சுற்ற வேண்டாம், வழிப்பறிக்குப் பேர்போன இடம். கொலோன் பக்கம் மழையும் மிக அதிகம்; பனாமா நகரில் வெயில் அடிக்கும் நாளில் இங்கே கொட்டும். குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். கப்பல் குறைவு என்பதால் இங்கும் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே புத்தி.

பேரப்பிள்ளைகள் உடன் இருந்தால் கம்போவாவிலிருந்து ஏரிக்குள் போகும் சிறு விசைப்படகுகளைப் பாருங்கள். குரங்கு காட்டுவதாகத்தான் விளம்பரம். குரங்கும் வரும், ஆனால் கண்டெய்னர் கப்பலை ஓடும் நிலையில் பக்கத்திலிருந்து பார்க்க இதுதான் மலிவான வழி. படகோட்டி வாழைப்பழம் நீட்டிக் குரங்கை அழைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கடித்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

நகருக்குள் இரண்டு இடம். பழைய நகரான காஸ்கோ விய்யோவில் கால்வாய் அருங்காட்சியகம். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமையகமாக இருந்த அதே கட்டடம். விளக்கங்களில் பெரும்பகுதி ஸ்பானிஷ், ஒலிவழிகாட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பல்போவா மேட்டில் உள்ள நிர்வாகக் கட்டடத்தின் குவிமாடத்துச் சுவரோவியங்கள், குலேப்ரா வெட்டையும் கதவு கட்டிய வேலையையும் அப்படியே காட்டுகின்றன. வேலை நாளில் இலவசமாகப் பார்க்கலாம். இந்தக் கட்டடமும் கால்வாயும் 1999 டிசம்பர் 31 நண்பகலில்தான் அமெரிக்கர் கையிலிருந்து பனாமாவுக்கு வந்தன.

நகரத்தார் வீடுகளில் எப்போதும் வரும் கேள்வி: நம் சரக்கு இந்த வழியாகவா போகிறது? இல்லை. தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டி நியூயார்க் போனால் சூயஸ் வழியாகவோ ஆப்பிரிக்காவைச் சுற்றியோ போகும். லாஸ் ஏஞ்சலீஸ் போனால் பசிபிக்கைக் கடந்து போகும். ரங்கூன் தேக்கு கடல்வழி வந்து இறங்கிய காலத்திலும் நமக்கு இந்தக் கால்வாயில் வேலை இல்லை. இங்கே ஓடுவது, சீனத்திலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும் பெட்டிகளும், டெக்சாஸ் பக்கத்திலிருந்து ஜப்பான், கொரியா போகும் எரிவாயுவும்தான். பெரிய கப்பல் ஒன்று ஒருமுறை கடக்கப் பல லட்சம் டாலர் கட்டுகிறது.

காசு விஷயம் சுலபம். பல்போவா என்று பெயருக்கு ஒரு நாணயம் உண்டு, நோட்டு கிடையாது. அமெரிக்க டாலர் அப்படியே ஓடும், ஒன்றுக்கு ஒன்று. 50, 100 டாலர் நோட்டைச் சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள், 5, 10 ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கப் பிளக். சைவர்களுக்குத் தெருக்கடையில் கைகொடுப்பது தேங்காய்ப்பாலில் வேகவைத்த துவரைச் சோறு, வாழைக்காயைத் தட்டிப் பொரித்த பத்தக்கோன். இறைச்சி போடாமல் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போக நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் நடுவரை விடாது.

கடைசியாகக் காகிதங்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் இதில்தான். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் பலமுறை நுழைவு விசா நடப்பில் இருந்து, அதை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தால், இந்தியர்களைத் தனி விசா இல்லாமல் பனாமா அனுமதிக்கிறது. விதியை அவ்வப்போது திருத்துகிறார்கள்; விமானச்சீட்டு எடுக்குமுன் டெல்லியில் உள்ள பனாமா தூதரகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நுழைவு முத்திரை பாஸ்போர்ட்டில் இல்லையென்றால், ஐ-94 எனப்படும் அமெரிக்க நுழைவுப் பதிவின் அச்சும் வேண்டும். மயாமி கவுண்டரில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரெஞ்சுக்காரர்களைத் துரத்திய அதே நோய்க்காக, இந்திய அரசின் பட்டியலில் பனாமா இன்றும் இருக்கிறது. பனாமாவை விட்டு ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்கினால் ஊசிச் சான்று காட்ட வேண்டும். இல்லையேல் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்புவார்கள். பனாமாவை முதலில் முடித்துவிட்டு, பிள்ளை வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்து திரும்பினால் இந்தச் சிக்கல் வராது. அமெரிக்கா திரும்பிய தேதி தெரியும் போர்டிங் பாஸை மட்டும் தூக்கி எறியாதீர்கள். பனாமாவிலிருந்து நேரே ஊர் திரும்புவதாக இருந்தால், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடலாம். முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் செல்லும். அறுபது வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்காமல் போடக்கூடாது. அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண்ணையும் பெயரின் எழுத்துகளையும் ஒத்துப்பாருங்கள். நம் பக்கம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் சேர்ந்து நீளமாக இருக்கும். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் அதே மேசையில் திருத்தி முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.